காலி ரோட்டில காரைக் குறைச்சா யாவாரம் படுக்குமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தைப் பெடியன்

வணக்கம், கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், குறை நினைக்காதேங்கோ. எங்கட அப்பாவுக்கு வெள்ளவத்தையில காலி ரோட்டுக் கரையிலயே ஒரு சாறிக்கடை. பெருசெல்லாம் இல்ல, முகப்பு பன்ரெண்டு அடி, உள்ளுக்க போனா ரயில் பெட்டி மாதிரி நீளமா இருக்கும். நான் வேலை செய்யிறது வேற இடம், சனி ஞாயிறில மட்டும் கல்லாவில இருப்பன்.

போன மாசம் எங்கட பக்கத்துக் கடைக்காரர் ஒரு பதினைஞ்சு பேர் கூடிக் கதைச்சவை, வாகனம் விட இடம் காணாது, இன்னும் பார்க்கிங் வேணும் எண்டு கடிதம் எழுத. எனக்கு வாய் சும்மா இருக்கேல்ல, எழும்பி நிண்டு, பார்க்கிங்கைக் கூட்டாம குறைச்சுப்போட்டு நடைபாதையை அகலமாக்கினா என்ன எண்டு கேட்டிட்டன். சபையே என்னைத் திரும்பிப் பாத்துது. அப்பா ரெண்டு நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. "கடை வாசல்ல கார் நிப்பாட்ட ஏலாட்டி எந்தச் சனம் வரும், உனக்கென்ன மாசம் முடிய சம்பளம் வருகுது" எண்டது தான் அவர்ர கடைசி வார்த்தை.

ஆனா நான் சொன்னது சும்மா இல்ல. சனிக்கிழமை பின்னேரம் சவோய் தியேட்டர் பக்கம் இருந்து மார்க்கெட் மட்டும் ஒருக்கா நடந்து பாருங்கோ. பேவ்மென்டில பாதிக்கு மோட்டர் சைக்கிள், மிச்சத்தில பொம்மைக்கு உடுப்புப் போட்டு வெளிய வச்சிருப்பினம் (நாங்களும் வைக்கிறம் தான், பொய் சொல்லக் கூடாது), பிறகு லொத்தர் தட்டு, தெம்பிலிக் குலை, ஆரோ இறக்கிவிட்ட கார்ட்போட் பெட்டி. இதுக்கிடையில ஒவ்வொரு லேன் வாயிலயும் ஆட்டோ வெட்டித் திரும்பும். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, ஒவ்வொரு லேனுக்கும் இறங்கி ஏறி இறங்கி ஏறி, கடைசியில அலுத்துப்போய் "நீ போய் வாங்கிக்கொண்டு வா" எண்டு வீட்டில இருந்திடுவா. 100ஆம் 101ஆம் நம்பர் பஸ் ஒண்டோட ஒண்டு ஓட்டப்பந்தயம் ஓடேக்க அந்தக் கடவையால கடக்கிறது தனிக்கதை. இவ்வளவு சனம் இருக்கிற ரோட்டில நிண்டு ஒரு ஆளோட அஞ்சு நிமிசம் கதைக்க இடமில்ல.

என்ர கேள்வி இது தான். காரைக் குறைச்ச கடைத்தெரு எங்கயாவது உண்மையில பிழைச்சிருக்கோ? இருந்தா எப்பிடிச் செய்தவை? கொழும்புக்கு அது சரிவருமா, இல்ல நாலு மரத்தை வச்சு ரெண்டு வாங்கைப் போட்டிட்டு ரிப்பன் வெட்டிறது தானா? அப்பாட்ட போய்ச் சொல்லக்கூடின மாதிரி ஏதாவது இருந்தா நல்லம், படம் காட்டினா அவர் நம்ப மாட்டார்.

*

கோடும் அளவும்

தம்பி, நான் கட்டிடம் வரையிற வேலை, வீதி வரையிற வேலையிலயும் கொஞ்சம் கை வச்சனான். முதல்ல ஒரு விசயம், காலி ரோட்டை மூடு எண்டு மட்டும் எங்கயும் வாயைத் திறந்திடாதேயும். அது ஏ2, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை தாண்டி வெல்லவாய மட்டும் போற ரோட். தெற்கால வாற பஸ் கனக்க அதில தான் வரும். அதை மூடினா முதல்ல அடிபடுறது கார்க்காரன் இல்ல, பஸ்சில வாற உம்மட கஸ்டமர் தான்.

ஒரு தெருவுக்கு ரெண்டு வேலை. ஒண்டு சனத்தைக் கடத்திவிடுறது, மற்றது சனத்தை நிப்பாட்டி வைக்கிறது. ஹைவே எண்டா முதலாவது மட்டும், புறக்கோட்டையில நகைக்கடை நிறைஞ்ச செட்டியார் தெரு எண்டா கிட்டத்தட்ட ரெண்டாவது மட்டும். வெள்ளவத்தையில காலி ரோட் ரெண்டையும் ஒரே நேரத்தில செய்யப் பாக்குது, ஒண்டும் ஒழுங்கா நடக்கிறேல்ல. அதால எந்தத் தெருவில காரை எடுக்கலாம், எந்தத் தெருவில மெதுவாக்க மட்டும் ஏலும் எண்டு பிரிச்சுப் பாக்கிறது தான் முதல் வேலை.

பிழைச்ச இடம் கேட்டீர். எல்லாரும் சொல்லுறது கோபன்ஹேகன்ல ஸ்த்ரோகெட் எண்ட தெரு, ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட நீளம். 1962 நவம்பர்ல காரை மறிச்சவை, அதுவும் முதல்ல பரீட்சார்த்தமா எண்டு தான், ரெண்டு வருசத்துக்குப் பிறகு தான் நிரந்தரமாக்கினது. அப்ப அங்கத்தைக் கடைக்காரரும் உங்கட அப்பா சொன்ன அதே வசனத்தைத் தான் சொன்னவை, அதோட இன்னொண்டும் சொன்னவையாம், நாங்கள் டென்மார்க்காரர், இத்தாலிக்காரர் மாதிரி ரோட்டில நிண்டு கதைக்கிற சாதி இல்ல எண்டு. குளிர் நாடு, வெளிய ஆர் இருக்கப் போறான் எண்ட கேள்வி. இண்டைக்கு அங்க கோப்பிக் கடைக்கு வெளிய கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருக்குதுகள். ஆனா அவை ஒரே நாள்ல ஊரைப் பிரட்டேல்ல, அது தான் முக்கியம். நடக்கிறதுக்கு விட்ட இடம் 1962ல ஒரு 15,800 சதுர மீற்றர், நாப்பது வருசம் கழிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட ஒரு லட்சம். வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா பார்க்கிங்கைக் கழிச்சுக்கொண்டு வந்தவை, கழிக்கிறது ஆருக்கும் பெரிசா உறைக்காத அளவில.

படுத்த இடமும் இருக்கு, அதையும் சொல்லாட்டி உம்மட அப்பா என்னைப் பிடிச்சிடுவார். அமெரிக்காவில கலமாசூ எண்ட ஊர்ல 1959லயே மெயின் தெருவில காரை நிப்பாட்டினவை, அதைப் பாத்திட்டு ஊர் ஊரா செய்தவை. கனக்க படுத்திட்டுது. சிக்காகோ ஸ்டேட் ஸ்ட்ரீட் 1979ல மூடி 1996ல திரும்பக் காருக்குத் திறந்தது. கலிபோர்னியாவில பிரெஸ்னோ 1964ல மூடி 2017ல திறந்தது. ஏன் எண்டா அங்க நடு ஊருக்குள்ள குடியிருக்கிற சனமே இல்லாமப் போட்டுது, எல்லாரும் வெளியூருக்கு வீடு கட்டிப் போய், அங்கயே பெரிய மோல், அங்கயே பார்க்கிங். அப்ப நடக்கிற தெரு நடக்க ஆளில்லாத தெருவாப் போச்சு. வெள்ளவத்தைக்கு அந்தப் பயம் தேவையில்ல. லேன் லேனா எட்டு மாடி பத்து மாடி பிளட், எல்லாச் சனமும் நடந்து வாற தூரத்தில இருக்கு. பிரெஸ்னோக்காரன் கேட்டா அழுவான்.

இன்னொண்டு, உம்மட கடை முகப்பு பன்ரெண்டு அடி எண்டு கூச்சத்தோட எழுதியிருக்கிறீர், அது தான் ஐயா சொத்து. பன்ரெண்டு அடி எண்டா மூண்டரை மீற்றர் சொச்சம். நூறு மீற்றர் நடக்க இருபத்தேழு வாசல் வரும். ஜான் கேல் எண்டு ஒரு டென்மார்க் கட்டிடக்கலைஞர், இந்தச் சங்கதியிலயே வாழ்நாளைக் கழிச்சவர், நூறு மீற்றருக்குப் பதினைஞ்சு இருபது வாசல் இருந்தா நடக்கிற ஆளுக்கு அஞ்சு செக்கனுக்கு ஒருக்கா புதுசா ஒண்டு கண்ணில படும், அது தான் கால் வலியை மறக்கப் பண்ணுது எண்டு சொல்லுவார். நாலு பழைய கடையை இடிச்சு ஒரே கண்ணாடிச் சுவரா ஒரு ஷோரூம், முன்னால பத்துக் கார் விடுற சீமெந்து நிலம் வந்தா அந்த இடத்தைச் சனம் விறுவிறு எண்டு கடந்து போயிடும், கவனிச்சுப் பாரும். பக்கத்துக் கடைக்கும் அதோட சனி.

காலி ரோட்டில செய்யக்கூடினதில காசுக்குக் குறைஞ்சதும் பலனுக்குக் கூடினதும் லேன் வாய். இப்ப அம்மா இறங்கி ஏறுறா, ஆட்டோ சமனா போகுது. அதை மாத்த வேணும். பேவ்மென்ட் அதே உயரத்தில வெட்டுப்படாம லேனுக்குக் குறுக்கால போக வேணும், ஆட்டோ தான் ஏறி இறங்க வேணும். ஏற வேண்டி வந்தா தானாக வேகம் குறையும், போலீஸ் தேவையில்ல. ஊருக்குள்ள சட்டப்படி காருக்கு மணிக்கு 50, ஆட்டோவுக்கு 40 தான், ஆனா சட்டத்தைப் பாத்து ஆரும் பிரேக் பிடிக்கிறேல்ல, மேட்டைப் பாத்துத் தான் பிடிக்கிறவை.

*

ரெண்டாம் குறுக்குத்தெரு

மேல எழுதின அண்ணன் எல்லாம் சரியாத் தான் சொல்றீங்க, ஆனா படம் வரையிற ஆக்கள் எல்லாரும் மறக்கிற ஒரு சாமான் ஈக்குது, அது தான் சாமான்! கடைக்குள்ள துணி எப்படி வரும்? நான் புறக்கோட்டையில பொறந்து வளந்த, வாப்பாட கடை சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலுக்குக் கிட்ட, ஹோல்சேல். எங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தன பேல் வருது போகுது தெரியுமா, அதுக்கு லொறி வராம ஏலாது, வந்தா தெரு அடைக்காம ஏலாது, தெருவே ஒரு லொறியும் ஒரு மனிசனும் போற அகலம் தான்.

ஆனா நான் எதிர்க்கிற கட்சி இல்ல. உண்மையச் சொன்னா எங்கட குறுக்குத் தெருக்கள்ல கார் வாறதே வேஸ்ட், கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் பக்கத்தில, வாற சனத்தில முக்காவாசி ட்ரெயின்லயும் பஸ்லயும் வந்து எறங்கி நடந்து வாறவங்க. தெரியாத்தனமா மெயின் ஸ்ட்ரீட்டால காரை உள்ளுக்கு விட்டுட்டு ஒருத்தர் மாட்டிக்கிட்டா, பின்னுக்கும் ஏலாம முன்னுக்கும் ஏலாம, ஒரு மணித்தியாலம் ஹோர்ன் தான். 2020 நவம்பர்ல மெனிங் மார்க்கெட் பேலியகொடைக்குப் போன பொறகு மரக்கறி லொறி கொறஞ்சது பெரிய ஆறுதல், அத முதல்ல எல்லாரும் ஏசினாங்க, நானும் ஏசினேன், பொய் சொல்லல.

டெல்லியில சாந்தினி சௌக் அப்படித்தான் செஞ்சீக்கிறாங்க. நான் சரக்கெடுக்கப் போயீக்கிறேன். செங்கோட்டையில இருந்து பத்தேபுரிப் பள்ளிவாசல் வரைக்கும் ஒரு கிலோமீற்றருக்கு மேல, 2021ல தொறந்தது, காலையில 9ல இருந்து ராவு 9 வரைக்கும் மோட்டர் வண்டி உள்ளுக்கு வர ஏலாது, சைக்கிள் ரிக்ஷா மட்டும். லோட் எல்லாம் ராவையில தான். செவப்புக் கல்லு பதிச்சி, இருக்க எடமெல்லாம் போட்டு, பாக்க சோக்கு. ஆனா ரிக்ஷாவும் நெறஞ்சி, காவல் நிக்கிறவன் அந்தப்பக்கம் திரும்பினா மோட்டர் சைக்கிள் பூந்துடும், அது அங்கயும் எங்கட ஊர் மாதிரித் தான்.

எனக்கு வேணும்டு சொன்னா இப்படிச் செய்யலாம், விடிய ஒம்பதர வரைக்கும் லொறி, பொறகு பின்னேரம் ஆறரைக்குப் பொறகு லொறி, நடுவில ஒண்டும் வேணாம். நடுவில வாற சரக்குக்கு சாமான் சுமக்கிற நாட்டாமி ஈக்கிறாங்க. இதத் தான் முக்கியமா சொல்ல வந்தது. எந்தப் புது பிளான் வந்தாலும் முதல்ல தொரத்துறது நாட்டாமிட கைவண்டியத் தான், அசிங்கமாம், டூரிஸ்ட் வாற எடமாம். புகை இல்ல, ஹோர்ன் இல்ல, அவன்ட தொண்டை தான் ஹோர்ன், "சைட் சைட்"டு கத்திக்கிட்டு அரை டன் சாமானத் தள்ளிட்டுப் போயிடுவான். கார் இல்லாத தெருவுக்கு அத விட நல்ல வண்டி வெளிநாட்டுக்காரன்டயும் இல்ல, அங்க இப்ப புதுசா பெட்டி வச்ச சைக்கிள்டு கண்டுபிடிச்சி பெருமை பேசுறாங்க.

இன்னொரு விசயம், "லைவ்லி" வேணும்டு சொல்றீங்களே, ஆறரைக்குப் பொறகு குறுக்குத் தெருவுல வந்து பாருங்க. நாயும் பொலித்தீனும் தான். ஏன்டா மேல் மாடில ஆள் இல்ல, எல்லாம் ஸ்டோர். எங்கட வாப்பாட சின்ன வயசுல மேல குடும்பம் இருந்தீக்கி, கீழ கடை. அந்தக் காலம் போயிட்டுது. ஆனா நோன்புப் பெருநாளைக்கு முந்தின பத்து ராவு வந்து பாருங்க, கெய்சர் ஸ்ட்ரீட் பக்கம் கடையெல்லாம் சாமம் வரைக்கும் தொறந்து, பொண்டாட்டி புள்ளையோட சனம் நடக்க எடமில்லாம நடக்கும். யாரும் மரம் நடல, யாரும் பெஞ்ச் போடல. கடை தொறந்து வெளிச்சம் இருந்திச்சி, அவ்வளவு தான்.

*

மூணு சில்லு

ஒருத்தரும் ஆட்டோவப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லலயே. லேன் வாய்ல ஆட்டோ வெட்டுறான், ஆட்டோ ஏறி இறங்கணும். சரி, அம்மாவ ஏத்திட்டுப் போறது யாரு?

எங்களுக்கு நிக்க எடம் குடுங்க, நாங்க ஏன் வாய்ல நிக்கப் போறோம். அதோட கார் இல்லாத கொழும்ப நாங்க ஒருக்கா பாத்துட்டோம்ங்க. 2022, பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம். ரோட்டுல காரும் இல்ல, நடைபாதையும் ரோட்டும் எல்லாம் நமக்குத் தான், யாவாரம் எங்க ஓடிச்சு? பெற்றோலுக்கு க்யூ.ஆர். கோடு வந்த பொறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், எங்களுக்கு 5. அஞ்சு லீற்றர்ல பொழப்பு நடத்தினவன்ட்ட வந்து கார் இல்லாத தெரு அழகுன்னு சொல்லாதீங்க.

*

கொட்டாஞ்சேனை அக்கா

மூணு சில்லு அண்ணே கோவப்படாதீங்க, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா 2022ல யாவாரம் படுத்தது கார் இல்லாததால இல்லங்க, கையில காசு இல்லாததால. பால்மாவுக்கு வரிசையில நின்ன நான் சாறி வாங்கவா போவேன். அத வச்சு எதையும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது, இந்தப் பக்கமும் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு, என் பையன் சைக்கிள் ஓட்டப் பழகினது அந்த வருஷம் ஜூலை மாசம் தான், மெயின் ரோட்லயே.

நான் சொல்ல வந்தது பாண்டி பஜார் கதை. 2020 ஜனவரில தங்கச்சி கல்யாணத்துக்குப் பொடவை எடுக்க மெட்ராஸ் போனோம், நம்ம ஆளுங்க யாரு போகல. அப்பத் தான் அந்த ரோட்ட மாத்தித் தொறந்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு, 2019 நவம்பர்ல தொறந்தது. ரோட்ட முழுசா மூடலங்க, நடுவுல வண்டி போகுது, ஆனா ரெண்டு பக்கமும் நடைபாதைய அப்படியே விரிச்சுட்டாங்க, ஒரு வீட்டு முத்தம் மாதிரி. மாமியார் சக்கர நாற்காலி. அதுக்கு முந்தி எந்தத் தடவையும் அவங்கள ஹோட்டல் ரூம்ல விட்டுட்டுத் தான் போவோம், அந்தத் தடவை அவங்களும் வந்தாங்க, எல்லாக் கடை வாசல்லயும் நின்னு வெல கேட்டாங்க, நாங்க நெனச்சத விட மூணு பொடவை கூட எடுக்க வச்சாங்க. உங்க அப்பாகிட்ட இதச் சொல்லுங்க தம்பி, நடைபாதை அகலமானா வீட்டுல இருக்குற பெரியவங்க கடைக்கு வருவாங்க, பெரியவங்க வந்தா பில்லு ஏறும். அங்கருந்து கொஞ்சம் நடந்தா ரங்கநாதன் தெரு, மாம்பலம் ஸ்டேஷன் வாசல்ல, அங்க வண்டி வர முடியாது, யாரும் தடை போட்டு இல்ல, சனமே தடை. ஆனா அங்க அவங்கள கூட்டிட்டுப் போக முடியல. கார் இல்லாட்டி மட்டும் தெரு நல்ல தெரு ஆகாது.

அடுத்த தடவை போனப்போ அதே பாண்டி பஜார் நடைபாதையில மோட்டர் சைக்கிள் ஏறி நிக்குது. கம்பம் நட்டு வச்ச எடத்துல ஏறல, கம்பம் இல்லாத எடத்துல ஏறிடுச்சு. அதனால டைல்ஸ் என்ன கலர்னு சண்டை போடாம கம்பத்துக்குக் காசு ஒதுக்குங்க. ஆனா ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சக்கர நாற்காலி போற எடம் விடுங்க, அதையும் மறந்துடுறாங்க.

அப்புறம் இங்க எழுதுன ஆம்பளைங்க யாரும் சொல்லாத ஒண்ணு, டாய்லெட். புறக்கோட்டைக்கு நான் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல போறதில்ல, காரணம் கார் இல்ல, டாய்லெட். தண்ணி குடிக்காமப் போயிட்டுத் தண்ணி குடிக்காம வரணும். கடைத்தெருவுல பொம்பளைங்க நின்னு நிதானமா வாங்கணும்னா முதல்ல அதக் கட்டுங்க, சுத்தமா வச்சிருக்க ஒரு ஆளப் போடுங்க, இருவது ரூவா குடுக்குறோம்.

மழையும் வெயிலும். ஐரோப்பாவுல வெயிலத் தேடி வெளிய வந்து உக்காருறாங்க, நமக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெளிய பெஞ்ச் போட்டா முட்டை பொரிக்கலாம். அக்டோபர் நவம்பர்ல மூணு மணிக்கு மேல கொட்டும். கோட்டைல கார்கில்ஸ் கட்டடம் இருக்குல்ல, 1906ல கட்டினது, அந்தச் செவப்புக் கட்டடத்துல கீழ வளைவு வளைவா நடக்க எடம் விட்டிருக்காங்க பாருங்க, மேல மாடி, கீழ நிழல். அது தான் நம்ம ஊருக்கு ஏத்த நடைபாதை. அந்தக் காலத்துல வெள்ளைக்காரனுக்கே அது புரிஞ்சிருக்கு, இப்பக் கட்டுறவங்க வாசல் வரைக்கும் கண்ணாடிய வச்சுட்டு உள்ள ஏ.சி. போடுறாங்க.

கடைசியா, செட்டியார் தெருவுல மட்டும் காரை நிப்பாட்டுறேன்னு யாராவது சொன்னா எனக்குப் பயம் தான். நகைய வாங்கிப் பையில வச்சுட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடக்கச் சொல்றீங்களா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

*

கோடும் அளவும்

அக்கா, டாய்லெட் விசயத்தில நான் தலை குனியிறன், உண்மையில என்ர படத்திலயும் அது கடைசியாத் தான் வரும்.

நகைக்குப் பதில் மூணு சில்லு அண்ணனிட்டத் தான் இருக்கு. காரை நிப்பாட்டுறது எண்டா ஏத்தி இறக்குறதை நிப்பாட்டுறது எண்டு அர்த்தமில்ல. ஒரு கார் கடை வாசல்ல மூண்டு மணித்தியாலம் நிண்டா அந்த இடத்தால வந்தது ஒரு குடும்பம். அதே இடத்தில ஆட்டோ ஏத்தி இறக்க விட்டா அதே மூண்டு மணித்தியாலத்தில எத்தினை பேர்? ஒரு கார் விடுற பெட்டி இரண்டரை மீற்றருக்கு அஞ்சு மீற்றர், பன்ரெண்டரைச் சதுர மீற்றர், அதில மூண்டு ஆட்டோ நிக்கும். தெருவின்ர ரெண்டு முனையிலயும் வெளிச்சமா, கூரை போட்டு, ஒழுங்கான ஆட்டோ ஸ்டாண்ட், நகையோட வாற ஆள் கடையில இருந்து கொஞ்சத் தூரம் சனத்துக்குள்ளால தான் நடக்க வேணும். சனம் நிறைஞ்ச தெருவில பை பறிக்கிறது, சனமில்லாத பார்க்கிங்கில பறிக்கிறதை விடக் கஷ்டம். ஆட்டோக்காரர் தான் அந்தத் தெருவுக்குக் காவலும். இதை எழுதினது உங்களைச் சமாளிக்க இல்ல அண்ணை, உங்களை விட்டிட்டு வரைஞ்ச எந்தப் பிளானும் ஒரு கிழமை தாங்காது.

ரெண்டாம் குறுக்குத்தெருக்காரர் சொன்ன நேரக் கணக்கு அப்பிடியே எடுக்கலாம். புறக்கோட்டைக்கு அது, வெள்ளவத்தைக்கு வேற.

வெள்ளவத்தையில காலி ரோட்டில பஸ்சுக்கு இடத்தை உறுதியாக் குடுத்து, மிச்ச இடத்தை ரெண்டு பக்கப் பேவ்மென்டுக்கும் பிரிக்கலாம். கார் எல்லாம் கடற்கரையோட போற மரைன் டிரைவுக்குப் போய் அங்க நெரியும் எண்டுவினம், கொஞ்சம் போகும் தான், மறுக்கேல்ல. ஆனா லேனுக்குள்ளால குறுக்க ஓடுறதையும் மறிக்க வேணும். பெல்ஜியத்தில கென்ட் எண்ட ஊர்ல 2017ல என்ன செய்தவை எண்டா, நடு ஊரைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒரு துண்டில இருந்து மற்றத் துண்டுக்குக் காரில நேராப் போக ஏலாது, வெளி வட்டத்துக்குப் போய்த் திரும்பி வர வேணும் எண்டு ஆக்கினவை. எந்த வீட்டுக்கும் கார் போகலாம், ஆனா ஊடறுத்துப் போக ஏலாது. நம்மட லேனுகளை மாறி மாறி ஒருவழிப் பாதையாக்கினாலே அதில அரைவாசி வந்திடும். டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையைப் பழைய ஆக்கள் இப்பவும் ஹை ஸ்ட்ரீட் எண்டு தான் சொல்லுறவை, பேருக்கேத்த மாதிரி அதையும் ஒருக்கா கடைத்தெருவாப் பாக்கலாம், அது வேற கதை, இப்ப வேண்டாம்.

தம்பி, அப்பாட்டச் சொல்ல ஒண்டு கேட்டீர் எல்லே. இங்கிலாந்தில பிரிஸ்டல் எண்ட ஊர்ல 2006ல ஒரு கடைத்தெருவில கடைக்காரரிட்டக் கேட்டவை, உங்கட கஸ்டமர்ல எத்தினை வீதம் காரில வருகினம் எண்டு. 41 வீதம் எண்டவை. பிறகு கஸ்டமரிட்டயே கேட்டுப் பாத்தா 22. அரைவாசி தான். கடைக்காரர் பொய் சொல்லேல்ல, கார் எண்டா கண்ணுக்குத் தெரியும், நடந்து வந்தவர் நடந்து வந்தவரெண்டு நெத்தியில எழுதியிருக்காது. அதோட கடைக்காரர் தானே காரில வாறவர், எல்லாரும் தன்னைப் போல எண்டு நினைப்பு. வெள்ளைக்காரன்ர கணக்கை அப்பா ஏற்க மாட்டார். நீர் சனிக்கிழமை கல்லாவில தானே இருக்கிறீர். ஒரு கொப்பி எடுத்து, பில் போடேக்க எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டு எழுதும். இன்னொரு பக்கத்தில, கடைக்கு முன்னால நிக்கிற காருகள் எத்தினை மணிக்கு வந்து எத்தினை மணிக்குப் போகுது எண்டும் எழுதும். ரெண்டாவது பக்கத்தை மறக்க வேண்டாம்.

*

வெள்ளவத்தைப் பெடியன்

எல்லாருக்கும் நன்றி, பதில் போடப் பிந்திட்டுது. ரெண்டு சனிக்கிழமை எழுதினன்.

முதல் பக்கம் நீங்கள் சொன்ன மாதிரித் தான். பக்கத்து லேன், பிளட்டில இருந்து நடந்து, பஸ், பஸ், தெகிவளையில இருந்து பஸ், ஆட்டோ, நடந்து. காரில வந்த ஆக்களைக் கைவிரல் விட்டு எண்ணலாம், அதிலயும் ரெண்டு பேர் இடம் கிடைக்காம மரைன் டிரைவில விட்டிட்டு நடந்து வந்தவை, ஏசிக்கொண்டு தான், ஆனா வந்தவை. அப்பா கொப்பியை வாங்கிப் பாத்திட்டு "காரில வாறவை தான் பட்டுச்சாறி எடுக்கிறவை" எண்டார். அது முழுப் பொய்யும் இல்ல. ஆனா அண்டைக்கு ஆகக் கூடின பில் போட்டது நடந்து வந்த ஒரு கலியாண வீட்டுக்காரர், லேனுக்குள்ள தான் வீடாம், மாமி, சித்தி, பொம்பிளை எண்டு ஏழு பேர். ஏழு பேரை எந்தக் காரில ஏத்துறது.

ரெண்டாவது பக்கம் தான் பிரச்சினையாப் போச்சு.

எங்கட கடைக்கும் பக்கத்து ரெண்டு கடைக்கும் முன்னால மொத்தமா நாலு வாகனம் விடலாம். நாலில ஒண்டு தான் மாறி மாறி நிண்டது. மற்ற மூண்டும் விடிய வந்து இரவு கடை பூட்டு மட்டும் அசையேல்ல. ஒண்டு நகைக்கடை முதலாளியின்ர ஜீப். ஒண்டு மேல் மாடியில இருக்கிற ஒரு ஒபிஸ்காரர்ர கார். பார்க்கிங் டிக்கெட் அடிக்கிற பெடியனைக் கேட்டன், "அது மாசக் கணக்கு அண்ணை" எண்டு சிரிச்சான்.

மூண்டாவது வெள்ளை வான், எட்டரைக்கு வந்து இரவு ஒம்பதுக்குப் போனது. நம்பரை எழுதேக்க தான் எனக்கு விளங்கினது, அதில தான் நான் விடிய அப்பாவோட வந்து இறங்கினனான்.

கொப்பியை அவருக்கு முன்னால வச்சன். கன நேரம் பாத்தார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் பாத்தார். பிறகு கடைப் பெடியனைக் கூப்பிட்டு ஒரு பிளேன்டீ சொன்னார், எனக்குச் சொல்லேல்ல. ஆனா நேற்று விடிய வானைக் கொண்டுபோய் மரைன் டிரைவில விட்டிட்டு நடந்து வந்தவர், வேர்த்து விறுவிறுத்து, வழியில ஒரு லேன் வாயில ஆட்டோக்காரனோட சண்டையும் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த லேன் வாயை மேடாக்கிறதுக்கு ஆருக்குக் கடிதம் எழுத வேணும் எண்டு இப்ப என்னைக் கேக்கிறார், ஆருக்கும் தெரிஞ்சா சொல்லுங்கோ, காலி ரோட்டுக்கு ஒரு ஒபிஸ், லேனுக்கு வேற ஒபிஸ் எண்டு சொல்லுகினம், வாய் ஆருக்குச் சேரும் எண்டு தான் தெரியேல்ல.